தேசப்பனுக்கு ஒரு நாள்

சாமுண்டீஸ்வரி என் கடைக்கு முதன்முதலாக வந்தது சண்டை போடத்தான். பழவேற்காடு கடைத்தெருவில் ஜெராக்ஸ், ஆன்லைன் மனு, பாஸ்போர்ட் போட்டோ என்று சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். ஒரு மத்தியானம் இறால் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தவள், ஒரு காகிதத்தை என் மேஜைமேல் அடித்தாள்.

"இன்னா பாயம்மா, காசு வாங்கிக்கினு பாதி எழுத்த முழுங்கிட்டியே. இத்த யாரு படிப்பாங்க?"

அது என் கடையில் எடுத்த நகலே இல்லை. எதிர்க்கடையில் எடுத்தது. சொன்னேன்.

"அப்ப நீ நல்லா எடுத்துக் குடு" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்கிற நினைப்பே அவளுக்கு வரவில்லை. அன்றைக்கே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று. எனக்கும் அந்தப் பழக்கம் கிடையாது.

அவளுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. ஏரிக்கரையில் பனந்திட்டுக் குப்பத்துக்காரி. லைட்ஹவுஸ் குப்பத்தில் வாழ்க்கைப்பட்டு, புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, பிள்ளை குட்டி இல்லாமல் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். தம்பி முனியன் குடும்பத்தோடு இருந்தாள். விடிந்ததும் துறையில் ஏலம் எடுத்து, பொன்னேரி பஸ்ஸில் கூடையை ஏற்றி, தெருத்தெருவாக விற்றுவிட்டு மூன்று மணிக்குத் திரும்புவாள். ஒரு நாள் நாற்றம் என்று கண்டக்டர் கூடையை ஏற்ற மாட்டேன் என்றிருக்கிறார். இவள் கூடையை பஸ்ஸுக்கு முன்னால் நடுரோட்டில் வைத்து, அதன் பக்கத்தில் தானும் உட்கார்ந்துகொண்டாள். அதன்பிறகு அந்த பஸ்ஸில் கடைசி சீட்டுக்கு அடியில் இருந்த இடம் அவள் கூடைக்கு என்றே ஆயிற்று. இந்தக் கதையை அவள் சொல்லவில்லை, கண்டக்டரே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னார்.

அவள் கொண்டுவந்த காகிதம், குப்பத்துப் பஞ்சாயத்துக்கு அவள் தன் கையால் எழுதிய மனுவின் நகல். 'என் தம்பி முனியனைத் தலைக்கட்டில் சேர்க்க வேண்டும்' என்று ஒரே ஒரு வரி. மூலையில் யாரோ 'பழைய முடிவே முடிவு' என்று எழுதித் திருப்பியிருந்தார்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஏரியில் எல்லா இடத்திலும் எல்லோருக்கும் இறால் படாது. முகத்துவாரத்தை ஒட்டிச் சில நல்ல இடங்கள் உண்டு. மூன்று குப்பங்கள் அவற்றை முறை வைத்துக்கொண்டு, குப்பத்துக்கு ஒரு நாளாகப் பிடிக்கின்றன. அந்த உரிமைக்குப் பாடு என்று பெயர். குப்பத்துக்குள் கல்யாணமான ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டில் பேர் உள்ளவனுக்குத்தான் பாடு. பேர் இல்லாதவன் அடுத்தவன் வலையைக் கூலிக்கு இழுக்க வேண்டியதுதான். முனியனுக்கு நாற்பத்தைந்து வயது, கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். அவன் இன்னும் கூலிக்குத்தான் இழுத்துக்கொண்டிருந்தான். இவர்களுடைய நைனாவும் சாகும்வரை அப்படித்தான் இழுத்தார்.

"ஏன் உங்க வீட்டுப் பேரு மட்டும் இல்ல?" என்று கேட்டேன்.

"எங்க தாத்தன் பொணத்தத் தாண்டிட்டாராம்" என்றாள்.

குப்பத்தில் சாவு விழுந்தால் செத்த வீட்டார் துறையில் கழி நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். அடக்கம் முடிந்து துணியை அவிழ்க்கும்வரை ஒருவரும் வலை இறக்கக் கூடாது. அன்றைய பாடு அடுத்த குப்பத்துக்குப் போய்விடும். செத்தவன் பரம எதிரியாக இருந்தாலும் இதுதான் சட்டம். 1936இல் குப்பத்துப் பெரியவரான எல்லப்ப நாட்டார் இறந்து கிடந்தபோது, இவர்கள் தாத்தா தேசப்பன் அந்தத் துணியைத் தாண்டித் திருட்டுத்தனமாக வலை விடப் போனாராம். அம்மன் அடித்துவிட்டதாம். மறுநாள் பிணமாகக் கரை ஒதுங்கினாராம். அவருக்காகத் துறையில் துணி கட்டவில்லையாம், வலையும் நிற்கவில்லையாம். நாட்டார் பிணத்தை மதிக்காதவன் வம்சத்துக்குத் தலைக்கட்டு இல்லை என்று பஞ்சாயத்து தீர்த்துவிட்டது. இரண்டு வயதுக் குழந்தையாக இருந்த நைனாவுக்கும் சேர்த்துத்தான் அந்தத் தீர்ப்பு.

அதிலிருந்து அந்த வீட்டுக்குப் பேர் 'பொணந்தாண்டி வீடு'. தபால்காரர் வந்து கேட்டாலும், "எந்த முனியன்? பொணந்தாண்டி முனியனா?" என்பார்கள். கெட்ட எண்ணத்தோடு சொல்வது இல்லை. வழக்கமாகிப்போனதால் வாயில் வருகிறது, அவ்வளவுதான். எனக்கு அதுதான் ஆத்திரமாக இருந்தது. கெட்ட எண்ணத்தோடு சொன்னால் திருப்பித் திட்டவாவது செய்யலாம்.

"உங்க தாத்தா செத்தத யாரு பாத்தாங்க?"

"யாரு பாத்தா? அம்மன் அடிச்சிச்சின்னு சொல்றாங்க."

"அம்மனே அடிச்சாலும் அந்தக் காலத்துல கிராம முன்சீப் எழுதி வச்சிருப்பாரு சாமுண்டி. செத்தவங்க பேரு, தேதி, எதனால செத்தாங்க, எல்லாம் பதிவேட்டுல இருக்கும்."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "இத்தினி வருசமா இத்த யாருமே சொல்லலையே" என்றாள். அப்புறம், "அது எங்க இருக்குது?" என்றாள்.

எங்கள் வீட்டிலும் முன்னோர் கதை உண்டு. அரபு நாட்டிலிருந்து கப்பலில் வந்து இறங்கினோம், அப்பேர்ப்பட்ட வியாபாரக் குடும்பம் என்று எங்கள் அத்தா அப்துல் ஷுக்கூர் மார்தட்டிச் சொல்வார். அந்தக் கப்பலுக்கு ஒரு துண்டுச்சீட்டு ஆதாரம் கிடையாது. எங்களிடம் யாரும் கேட்டதும் இல்லை. பெருமைக்கு எவரும் அத்தாட்சி கேட்பதில்லை. பழிக்கும் கேட்பதில்லை. சாமுண்டி கேட்டாள். அதனால்தான் அவளைப் பற்றி எழுதுகிறேன்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதிக் கொடுத்தேன். நாற்பது நாள் கழித்து, 'மேற்படி குப்பத்துக்கு 1936ஆம் வருடப் பதிவேடு எதுவும் இல்லை' என்று பதில் வந்தது. நான் உதட்டைப் பிதுக்கினேன். அவள் அந்தக் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எப்பிடி இருக்கும்? அப்ப எங்க குப்பத்துக்குன்னு முன்சீப்பே கெடையாதே. காட்டூர் பக்கம் வயக்காட்டு ஊர்ல ஒருத்தரு இருந்தாருன்னு நைனா சொல்லும். சேதி சொல்ல அங்கதான் நடந்து போவாங்களாம். நம்ம பேர்ல தேடுனா எப்பிடிக் கெடைக்கும்? அவங்க பேர்ல தேடணும்."

எட்டாவது படித்தவள் அவள். பி.காம். படித்த எனக்கு அது தோன்றவில்லை.

இந்தத் தடவை தபாலை நம்பாமல் தாலுகா ஆபீசுக்கே போனாள். நானும் கடையைப் பூட்டிவிட்டுக் கூடப் போனேன். பதிவேட்டு அறையைக் கவனித்துக்கொண்டிருந்த பிலோமினா நல்ல பெண். ஆனால் முதல் நாள் சாவி இல்லை, இரண்டாம் நாள் அதிகாரி இல்லை, மூன்றாம் நாள் கரண்ட் இல்லை. நான்காம் நாள் சாமுண்டி ஒரு டார்ச் லைட்டைக் கொண்டுபோய் நீட்டினாள். பிலோமினாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வாங்கம்மா, ரெண்டு பேரும் தேடலாம்" என்று உள்ளே கூட்டிப்போனாள்.

கரையான் அரித்த பதிவேடு. ஓரமெல்லாம் சல்லடை. அந்த விவசாய ஊரின் சாவுகளுக்கு நடுவே எங்கள் ஏரிக்கரைச் சாவுகளும் கலந்து கிடந்தன. பிலோமினா விரலை வைத்துக்கொண்டே போனாள். திடீரென்று நிறுத்தினாள்.

வரிசை எண் 41. தேசப்பன், வயது 30, தொழில் மீன்பிடி. இறந்த தேதி நவம்பர் 17. காரணம் என்ற இடத்தில், 'தலையில் காயம். காரணம் விளங்கவில்லை. விசாரணை அறிக்கை தனி.' தகவல் தந்தவர் என்ற இடத்தில், 'மனைவி காசியம்மாள்.' பக்கத்தில் கட்டைவிரல் மை.

வரிசை எண் 42. எல்லப்ப நாட்டார், வயது 68. இறந்த தேதி நவம்பர் 18. காரணம், சுரம்.

நான் இரண்டு தடவை படித்தேன். சாமுண்டி பழைய கையெழுத்தைப் படிக்க முடியாமல் எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா போட்டுருக்குது?"

"உங்க தாத்தா பதினேழாந் தேதி செத்திருக்காரு. நாட்டாரு பதினெட்டாந் தேதி."

"இரு இரு. யாரு முன்னாடி?"

"உங்க தாத்தாதாம்மா முன்னாடி" என்றாள் பிலோமினா. "நாட்டாரு மறுநாள்தான் செத்திருக்காரு."

தேசப்பன் செத்தபோது குப்பத்தில் பிணமே இல்லை. இல்லாத பிணத்தை ஒருவர் எப்படித் தாண்ட முடியும்?  சாமுண்டி அழுவாள் என்று நினைத்துத் தோளில் கை வைத்தேன். அவள் என் கையை எடுத்துவிட்டு அந்த மைக்கறையைத் தொட்டுப் பார்த்தாள். காட்டூர் பக்கம்வரை கைக்குழந்தையோடு நடந்துபோய்த் தகவல் சொல்ல அந்த மனைவியைத் தவிர ஒருவரும் வரவில்லை என்பது அந்த ஒரு விரல் மையிலேயே தெரிந்தது.

"சீல் போட்டுக் குடும்மா" என்றாள் சாமுண்டி. "சீல் இல்லாட்டி நம்ப மாட்டானுங்க."

எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. அவளுக்குப் போதவில்லை. "விசாரணை அறிக்கை தனின்னு எழுதிக்கீதே, அது எங்க?" என்று பிடித்துக்கொண்டாள். அதற்கு இன்னும் எட்டு மாதம் ஆயிற்று. பழைய ஜில்லாக் கோப்புகள் சென்னையில் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன என்று பிலோமினாதான் விசாரித்துச் சொன்னாள். அங்கே போனால் ஒரு படிவம் கொடுத்தார்கள். மாணவர், பேராசிரியர், ஆராய்ச்சியாளர் என்று கட்டங்கள்.

"நீங்க ஆராய்ச்சியாளரா?" என்று கேட்டார் அங்கிருந்தவர்.

"இல்ல சார், பேத்தி" என்றாள் சாமுண்டி.

பேத்திக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. 'பிற' என்பதில் நான் டிக் அடித்தேன். அவள் இறாலுக்கு லீவு போட்டுவிட்டு ஏழெட்டுத் தடவை மின்சார ரயிலில் போய் வந்தாள். ஒரு நாள் வியாபாரம் போனால் அவள் வீட்டில் குழம்பின் பதம் மாறிவிடும். முனியன் முணுமுணுத்தான். "செத்தவரு இன்னா எந்திரிச்சு வந்து வலை இழுக்கப் போறாரா?" என்றான். அவள் அடுத்த ரயிலுக்குக் கிளம்பினாள். தேடிக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் கிடைத்தது இரண்டே பக்கம். முன்சீப் தமிழில் எழுதியது. அதை அப்படியே நான் நோட்டில் எடுத்துக்கொண்டேன்:

'மேற்படி தேசப்பன் பிரேதம் 17ந் தேதி காலை ஏரிக்கரைச் சேற்றில் பழவேற்காடு போகும் திசையில் கண்டெடுக்கப்பட்டது. தலையில் இடதுபுறம் ஒரு காயம். ஓடம் கவிழாமல் அருகில் நின்றிருந்தது. ஓடத்தில் வலை ஏதும் இல்லை. கழி ஒன்று, லாந்தர் ஒன்று, காலிப் புட்டி ஒன்று. புட்டியின் பக்கத்தில் ரம்பம்போல் வெட்டிய காகிதம் ஒட்டியிருந்தது. மேற்படியான் குடிபோதையில் விழுந்திருக்கலாமென்று ஊகம். குப்பத்து நாட்டார் சுரமாய்ப் படுத்திருப்பதால் விசாரணைக்கு வரவில்லை. பிரேதம் தாலுகா ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டது.' கீழே வேறு மையில், '19ந் தேதி பிரேதம் மனைவியிடம் ஒப்புவிக்கப்பட்டது.'

"குடிச்சிருந்தாரா?" என்றாள் சாமுண்டி. முகம் சுண்டிவிட்டது. ஒரு பழியைத் துடைக்க வந்த இடத்தில் இன்னொன்று.

நான் மறுபடி கோப்பின்மேல் குனிந்தேன். ரம்பம்போல் வெட்டிய காகிதம் என்ற இடத்திலேயே என் கண் நின்றுவிட்டது. எங்கள் அத்தா இதே கடைத்தெருவில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தவர். அப்போதெல்லாம் மருந்துக்கு வருகிறவர்கள் வீட்டிலிருந்து காலி சீசா கொண்டுவர வேண்டும். அத்தா அதில் மிக்ஸ்சரை ஊற்றி, பக்கத்தில் ஒரு காகிதத்தை ஒட்டுவார். ஒரு வேளைக்கு இவ்வளவு என்று தெரிவதற்காக அதன் ஓரத்தைப் பல்லுப் பல்லாக வெட்டியிருக்கும். படிக்கத் தெரியாதவனும் ஒரு பல் குடித்தால் ஒரு வேளை. பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தக் காகிதங்களைக் கத்தரித்துக் கொடுத்தவளே நான்தான். நூற்றுக்கணக்கில் வெட்டியிருப்பேன்.

"சாமுண்டி, அது சாராய சீசா இல்ல. மருந்து சீசா. காலி சீசாவ எடுத்துக்கினு பழவேற்காட்டுக்கு வந்துக்கினு இருந்திருக்காரு. மருந்து வாங்க."

காப்பகம் என்பதை மறந்து சத்தமாகச் சொல்லிவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தது. புட்டியைப் பார்த்ததும் குடிகாரன் என்று முடிவு கட்டிய அந்த முன்சீப்பை, செத்து எத்தனை வருஷமானாலும் சரி, நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல இருந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தப்பாக நினைத்தவர், கண்ணில் பட்டதை மறைக்காமல் எழுதியிருந்தார்.

வெளியே வந்து மரத்தடியில் டீ குடித்தோம். எனக்குப் பரபரப்பு அடங்கவில்லை. "யாருக்கு மருந்து? சுரமாப் படுத்திருந்தது நாட்டாரு. உங்க தாத்தா அவருக்கு மருந்து வாங்கப் போயிதான் செத்திருக்காரு. இத்த பஞ்சாயத்துல போட்டு ஒடைக்கணும்" என்றேன்.

சாமுண்டி தலையை ஆட்டினாள். "அப்பிடின்னு எழுதிக்கீதா?"

"எழுதல. ஆனா..."

"எழுதாதத நாம சொல்லக் கூடாது பாயம்மா. அவங்க அத்ததான செஞ்சாங்க? சீசா அவரு புள்ளைக்கா இருக்கலாம், பொண்டாட்டிக்கா இருக்கலாம். அந்தக் காயம் கழி பட்டதா, ஒடம்பு முடியாம வுழுந்ததா, எவனாவது அடிச்சானா, அதுவும் நமக்குத் தெரியாது. எங்க தாத்தன் எப்பிடி செத்தாருன்னு எனக்குத் தெரியல. எதுக்கு சாகலன்னு தெரியும். அது போதும்."

பிறகு டம்ளரை வைத்துவிட்டு அவளே இன்னொன்றும் சொன்னாள். பிணம் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பத்தொன்பதாம் தேதிதான் திரும்பியது. பதினெட்டில் செத்த நாட்டாரைக் குப்பமே திரண்டு அன்றைக்கே அடக்கம் பண்ணியிருக்கும். ஆக, நாட்டார் பாடை முன்னால் போயிற்று. தேசப்பன் பாடை பின்னால் போயிற்று. எங்கள் பக்கம் சாவை யாரும் தேதியால் நினைவு வைப்பதில்லை. யார் அடக்கத்துக்கு அப்புறம் யார் அடக்கம் என்றுதான் வைத்துக்கொள்வார்கள். பெரிய சாவு முன்னால் நின்றுவிட்டது, சின்னச் சாவு பின்னால் போய்விட்டது. அந்த ஒரு தப்பில் ஒரு குடும்பம் எண்பத்தெட்டு வருஷம் அடுத்தவன் வலையை இழுத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பஞ்சாயத்து. கோயில் பந்தலில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் அங்கே நின்று கேட்கலாம், பேசுவது வழக்கம் இல்லை. சாமுண்டி நடுவில் போய் நின்று பேசினாள். நான் ஆளுக்கொன்றாக நகல் கொடுத்தேன். எழுத்து ஒன்றும் முழுங்கவில்லை, பளிச்சென்று எடுத்திருந்தேன்.

குப்பத்துத் தலைவர் தனசேகர் அந்த எல்லப்ப நாட்டாரின் கொள்ளுப்பேரன். கெட்ட மனிதர் இல்லை. இரண்டு ஃபைபர் படகு வைத்திருப்பவர், காட்டுப்பள்ளித் துறைமுகத்தை எதிர்த்து நடந்த ஊர்வலத்தில் முன்னால் நின்றவர். நகலை மெதுவாகப் படித்தார். நாட்டார் சுரமாய்ப் படுத்திருப்பதால் என்ற வரி வந்தபோது அவர் விரல் அதன்மேல் நின்றதைப் பார்த்தேன். 

"சரி யக்கா" என்றார். "ஏதோ அந்தக் காலத்துல தப்பு நடந்துபோச்சி. இப்ப இருக்குறவன் யாரும் செய்யல. முனியன நாங்க சேத்துக்குறோம். வழக்கப்படி நூத்தியோரு ரூவா தெண்டம் கட்டி, அவன் பஞ்சாயத்துக் கால்ல வுழுந்து எந்திரிச்சா போதும். தலைக்கட்டுல பேரு எழுதிடலாம்."

முனியன் முகம் மலர்ந்துவிட்டது. பாக்கெட்டில் கையே விட்டுவிட்டான்.

"கைய எடுடா" என்றாள் சாமுண்டி.

"யக்கா, நூத்தியோரு ரூவாதான? ஒரு நிமிசம் வுழுந்து எந்திரிக்கிறதுல இன்னா கொறஞ்சிடும்? நைனாவுக்குக் கெடைக்காதது எனக்குக் கெடைக்குது, வுடு யக்கா."

"தெண்டம் கட்டுறவன் தப்பு செஞ்சவன்டா. நீ இன்னிக்கு கால்ல வுழுந்தா, தாத்தன் பொணத்தத் தாண்டுனது நெசம்னு ஆயிடும். அப்புறம் எதுக்கு நான் இத்தினி நாளு ரயில்ல தொங்குனேன்?"

முனியன் கண்ணில் தண்ணீர் நின்றது. அவனைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. பதினெட்டு வருஷம் காத்திருந்தவன். அவள் சம்மதித்திருந்தால் மறுநாளே அவனுக்குப் பாடு. அக்காவின் ரோஷத்துக்குத் தம்பியின் தோள் எதற்காக வலிக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றியது. ஆனாலும் அவள் தலையாட்டியிருந்தால் நான் அந்தப் பந்தலிலேயே அவளைத் திட்டியிருப்பேன்.

"அப்ப உனக்கு இன்னாதான் வேணும்?" என்றார் தனசேகர்.

"எங்க தாத்தன் செத்தன்னிக்கு குப்பத்துல வலை இறங்குச்சி. யாரும் துணி கட்டல. ஒரு தலைக்கட்டு செத்தா ஒரு நாள் வலை நிக்கணும், அதான் சட்டம். அந்த ஒரு நாளக் குடுங்க. தெண்டம் நாங்க கட்ட மாட்டோம்."

பந்தலில் சலசலப்பு எழுந்தது. இறால் ஓடுகிற மாதம். மூன்று நாளைக்கு ஒரு முறைதான் பாடு வரும். எப்போதோ செத்த ஒருவருக்காக அறுபது வீட்டு அடுப்பை அணைப்பதா என்று ஒருவர் எழுந்து கத்தினார். தனசேகர் கையை உயர்த்தி அடக்கிவிட்டு, "அது முடியாது யக்கா. பேரு வேணும்னா சொன்னாப்புல செய்யி. இல்லாட்டி உன் இஷ்டம்" என்றார். பஞ்சாயத்து கலைந்தது.

முனியன் வீடுவரை அவளுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தான். நான், "இன்னும் ஒரு மனு போடலாம்" என்றேன். "மனு போதும் பாயம்மா" என்றாள் அவள்.

அடுத்த பாடு செவ்வாய்க்கிழமை. விடிந்து கொஞ்ச நேரத்தில் எனக்கு போன் வந்தது. "துறைக்கு வா. சாட்சிக்கு ஒரு ஆளு வேணும்" என்று வைத்துவிட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. துறையில் கழி நட்டு, வெள்ளைத் துணி கட்டி, அதற்குக் கீழே தலைவிரி கோலமாகச் சேற்றில் உட்கார்ந்திருந்தாள் சாமுண்டி. மடியில் அந்தச் சீல் போட்ட நகல் இருந்தது.

வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த ஆண்கள் துணியைக் கண்டதும் நின்றுவிட்டார்கள். யார் செத்தது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். விஷயம் தெரிந்ததும் சிலர் சிரித்தார்கள், சிலர் திட்டினார்கள். ஆனால் ஒருவரும் ஓடத்தைத் தள்ளவில்லை. துணி கட்டிய துறையில் முதல் காலை வைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

தனசேகர் வேகமாக வந்தார். "இன்னாக்கா இது? செத்து எம்பத்தெட்டு வருசமாச்சி."

"சேதி இப்பதான வந்துச்சி" என்றாள் அவள்.

"வெளையாடாத. நேரம் போவுது. துணிய அவுறு."

"செத்த வீட்டுக்காரி கட்டுனத செத்த வீட்டுக்காரிதான் அவுக்கணும். நீ தலைவரு, உனக்குத் தெரியாததா? போறவன் தாராளமா போவட்டும், நான் கைய நீட்டி மறிக்கல." அவள் எழுந்து நின்றாள். குரலை உயர்த்தினாள். "ஆனா ஒண்ணு. எங்க தாத்தன் எந்தத் துணியையும் தாண்டல, இதோ சர்க்காரு சீலு. இன்னிக்கு இந்தத் துணியத் தாண்டுறவன் நெசமாவே தாண்டுறான். பொணந்தாண்டின்ற பேரு எங்க வீட்டுல எம்பத்தெட்டு வருசம் இருந்துச்சி. எவன் மொதல்ல போறானோ, அவன் வீட்டுக்கு எடுத்துக்கினு போவட்டும்."

அதற்கப்புறம் துறையில் சிரிப்பு இல்லை. ஏரியில் தண்ணீர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. இறால் போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஒருவர் ஓடத்தின் முனையைப் பிடித்தார். அவர் பின்னால் நின்ற அவருடைய மனைவி, "வாணாம்" என்று ஒரே வார்த்தை சொன்னாள். அவர் கையை எடுத்துவிட்டார்.

தனசேகர் வலையை இழுக்க வேண்டிய முனியன் கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தான். எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். அக்காவைப் பார்த்தான். தோளில் இருந்த வலைக்கயிற்றைத் தனசேகரின் காலடியில் வைத்துவிட்டு, கழிக்கு இந்தப் பக்கம் சாமுண்டியின் அருகில் போய்ச் சேற்றில் உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகுதான் அழுதான். அவனைப் பார்த்து சாமுண்டியும் அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். சாவு வீட்டில் அழுவது போலவே வாய்விட்டு அழுதாள்.

பெண்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். சேலை பாழாயிற்று.

அப்போது தனசேகரின் போன் அடித்தது. அடுத்த முறைக்காரக் குப்பத்தின் தலைவர். இந்தத் துறை ஓடங்கள் இன்னும் இறங்காததை அங்கிருந்து பார்த்துவிட்டார்கள். வலை நிற்கிறது என்றால் பாடு அவர்களுக்குப் போக வேண்டும், அதை இந்தக் குப்பத்துத் தலைவர் தன் வாயால் சொல்ல வேண்டும். தனசேகர் போனைக் காதில் வைத்தபடி துணியைப் பார்த்தார், அந்த அக்கா தம்பியைப் பார்த்தார். எதிர்முனையில் கேட்ட கேள்வி எங்களுக்கும் கேட்டது.

"இன்னாபா, துறையில துணி தெரியுது? யாரு செத்துப் பூட்டாங்க?"

 தனசேகர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

"எங்க ஆளுதான்" என்றார். "தேசப்பன்னு பேரு. நம்ம தலைக்கட்டு."